கூடுதல் பரிமாணங்களை ஃபிளக்ஸ் போட்டு நிறுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து இழைக் கோட்பாட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களுக்காக இந்தப் பக்கம். குவாண்டம் இயக்கவியலும் ஓரளவு பொதுச் சார்பியலும் தெரிந்தால் போதும். கணக்கு வரும் இடத்தில் கால்குலேட்டரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டுத் தலையாட்டினால் இந்தப் பாடம் ஒட்டாது.

மாடுலை என்றால் என்ன?

சூப்பர் இழைக் கோட்பாட்டுக்கு 10 பரிமாணம் வேண்டும். நமக்குத் தெரிந்தவை 4. மிச்சம் 6 சிறிதாகச் சுருண்டு கிடக்கின்றன. அந்த ஆறும் சேர்ந்த வெளிக்குப் பெரும்பாலும் கலாபி–யாவ் வெளியை (பொருள் இல்லாத ஐன்ஸ்டைன் சமன்பாட்டை நிறைவேற்றும் ஒருவகை வளைந்த வெளி) எடுக்கிறோம். சிக்கல் என்னவென்றால், அந்த வெளி எவ்வளவு பெரிது, எந்த வடிவம் என்பதைச் சமன்பாடுகள் தீர்மானிப்பதில்லை. மூட்டு கழன்ற கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம் தள்ளினாலும் சாயும், சாய்த்த இடத்திலேயே நிற்கும், செலவு ஒன்றுமில்லை. இப்படிச் செலவில்லாமல் மாற்றக்கூடிய ஒவ்வொரு அளவும் நான்கு பரிமாணத்தில் நிறையற்ற ஒரு ஸ்கேலார் புலமாகத் தெரியும். அதுதான் மாடுலஸ்; பன்மையில் மாடுலை.

மூன்று வகை உண்டு: அளவைச் சொல்லும் கேலர் மாடுலை, வடிவத்தைச் சொல்லும் காம்ப்ளெக்ஸ் ஸ்ட்ரக்சர் மாடுலை, இழைகளின் பிணைப்பு வலிமையைச் சொல்லும் டைலட்டான். ‘குவின்டிக்’ எனப்படும் பிரபலமான கலாபி–யாவில் அளவுக்கு 1, வடிவத்துக்கு 101. அதன் கண்ணாடிப் பிம்ப வெளியில் இது தலைகீழ்: அளவுக்கு 101, வடிவத்துக்கு 1.

சாய்ந்தால் சாயட்டுமே, என்ன கெட்டுவிடும்?

நிறையில்லாத ஸ்கேலார் புலம் ஈர்ப்பு விசையோடு சேர்ந்து இன்னொரு விசையாக வேலை செய்யும். ஆய்வகங்களில் நியூட்டனின் தலைகீழ் இருமடி விதியைச் சுமார் 50 மைக்ரோமீட்டர் தூரம் வரை சோதித்துவிட்டார்கள். ஈர்ப்புக்குச் சமமான வலிமையில் அப்படி ஒரு விசை கிடைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு மாடுலஸுக்கும் குறைந்தது 0.004 எலெக்ட்ரான் வோல்ட் அளவில் நிறை வேண்டும்.

அண்டவியல் கேட்கும் விலை இதைவிடப் பல மடங்கு அதிகம். இன்ஃப்ளேஷனுக்கு (அண்டத்தின் தொடக்கக் கால அதிவேக விரிவு) பிறகு மாடுலஸ் தன் குழியில் ஆடிக்கொண்டே ஆற்றலைத் தேக்கி வைக்கும். மெதுவாகச் சிதைந்தால், ஹீலியம் போன்ற லேசான கருக்கள் உருவான கணக்கைப் பிந்திவந்து கெடுக்கும். அதைத் தவிர்க்க நிறை பத்துக் கணக்கான டெரா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும்.

ஃபிளக்ஸ் என்பது பிளஸ் டூவில் படித்த காந்தப்பாயமா?

அதன் உறவுக்காரன். காந்தப்பாயம் இரு பரிமாணப் பரப்பின் வழியே போவது. சூப்பர் இழைக் கோட்பாட்டின் ஒரு வகையான டைப் ஐஐபியில் எஃப்3, எச்3 என்று இரண்டு புலங்கள் உண்டு. இவை முப்பரிமாணச் சுற்றுகளின் வழியே போகும்.

‘சுற்று’ எது என்பதற்கு வேலூர்க் கோட்டை அகழியே போதும். அகழி நெடுகக் கோட்டையைச் சுற்றி ஒரு கயிறு மிதக்கவிடுங்கள். தண்ணீரை விட்டு வெளியே வராமல் அந்தக் கயிற்றை ஒரு புள்ளியாகச் சுருக்க முடியாது, நடுவே கோட்டை நிற்கிறது. கலாபி–யாவுக்குள்ளும் இப்படிச் சுருக்க முடியாத முப்பரிமாணச் சுற்றுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வழியே போகும் ஃபிளக்ஸும், சரியான அலகில், முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். டிராக்கின் குவாண்டமாக்கல் நிபந்தனை அப்படி. முழு எண் கொஞ்சம் கொஞ்சமாக மாறாது. வடிவம் சாயும்போது எண் அப்படியே நிற்க, புலத்தின் அடர்த்தி மட்டும் ஏறி இறங்குகிறது. அதனால் ஆற்றல் மாறுகிறது. செலவே இல்லாமல் சாய்ந்த கட்டில் இப்போது சாயச் செலவு கேட்கிறது.

குவின்டிக்கில் 204 முப்பரிமாணச் சுற்றுகள். எஃப்3, எச்3 இரண்டுக்கும் சேர்த்து 408 முழு எண்கள். கண்ணாடிப் பிம்பத்தில் 4 சுற்று, 8 எண். ஓரியன்டிஃபோல்டு (வெளியின் எதிரொளிப்பையும் இழையின் திசைத் திருப்பலையும் சேர்த்து, ஒத்த புள்ளிகளை ஒன்றாக்குவது) போட்டால் இந்த எண்ணிக்கை குறையக்கூடும்; அதை மறந்துவிட்டுப் பழைய எண்ணிக்கையிலேயே கணக்கை ஓட்டுவது புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு.

எந்த வரிசையில் கணக்குப் போடுவது?

முதலில் வெளியையும் ஓரியன்டிஃபோல்டையும் தேர்ந்தெடுங்கள். அடுத்து பீரியட்கள்: ஒவ்வொரு சுற்றின் மீதும் ஒமேகா என்ற ஹோலோமார்ஃபிக் மூன்று-வடிவத்தின் தொகையீடு. நேரத்தைத் தின்னும் வேலை இதுதான். பிறகு முழு எண்களைத் தேர்ந்து, எஃப்3-லிருந்து ‘டைலட்டான் பெருக்கல் எச்3’-ஐக் கழித்து ஜி3 கட்டுங்கள். ஜி3-ஐயும் ஒமேகாவையும் பெருக்கி முழு வெளியிலும் தொகையிட்டால் சூப்பர்பொட்டன்ஷியல், அதாவது மாடுலையின் ஆற்றலைத் தீர்மானிக்கும் சார்பு. குகோவ், வஃபா, விட்டன் 1999-இல் எழுதியது. வடிவ மாடுலைக்கும் டைலட்டானுக்கும் அதன் கோவேரியன்ட் வகைக்கெழுவைச் சுழியமாக்கித் தீருங்கள். மாறிகள் எத்தனையோ அத்தனை சமன்பாடுகள் இருப்பதால் பொதுவாகத் தீர்வு தனித்தனிப் புள்ளிகளாகக் கிடைக்கும். அந்தப் புள்ளியில் சூப்பர்பொட்டன்ஷியலுக்கு எஞ்சும் மதிப்புதான் டபிள்யூ-நாட். இந்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள், மீதிக் கதை முழுவதும் இதைச் சுற்றித்தான்.

கெட்டுப்போகும் இடங்கள்: பீரியட்களைத் தொடராக விரித்தால், கிடைத்த தீர்வு அந்தத் தொடர் ஒருங்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது. பிணைப்பு வலிமை 1-க்கு மேல் போன தீர்வை ஏற்றுக்கொள்வது. ஒரே தீர்வை வேறு ஆள்கூறுகளில் எழுதிவிட்டு இரண்டாக எண்ணுவது. டைலட்டானின் எஸ்எல்(2) சமச்சீரும் மோனோட்ரமியும் (வடிவ மாடுலையைச் சுற்றிக் கொண்டுவந்தால் பீரியட்கள் இடம் மாறுவது) இந்த ஏமாற்று வேலையைச் செய்யும்.

இதோடு எல்லாம் நின்றுவிடுமா?

இல்லை. ‘ஃபிளக்ஸ் எல்லாவற்றையும் கட்டிப்போடுகிறது’ என்று பொதுமக்கள் கட்டுரைகளில் எழுதுவது பாதி உண்மை. டைப் ஐஐபியில் ஃபிளக்ஸ் வடிவத்தையும் டைலட்டானையும்தான் நிறுத்துகிறது. கன அளவு அப்படியே ஆடிக்கொண்டிருக்கும்.

காரணம் நோ-ஸ்கேல் அமைப்பு. சூப்பர்கிராவிட்டி பொட்டன்ஷியலில் ‘கழித்தல் 3 பெருக்கல் டபிள்யூவின் இருமடி’ என்று ஒரு உறுப்பு உண்டு. கன அளவு மாடுலஸ் தன் பங்காகத் தருவது கூட்டல் 3. இரண்டும் துல்லியமாக அடித்துக்கொள்கின்றன. ஆம்பூர் பிரியாணிக்குத் தம் போடும்போது ஆவி மூடியைத் தூக்கப் பார்க்கும், மேலே வைத்த கனம் அழுத்தும். எந்த உயரத்தில் மூடி இருந்தாலும் தூக்கலும் அழுத்தலும் சரிக்குச் சரி என்றால் என்ன ஆகும்? மூடி எங்கே வைத்தாலும் அங்கேயே நிற்கும். ஃபிளக்ஸின் நேர் ஆற்றல் அந்த ஆவி. எதிர் இழுவிசை கொண்ட ஓரியன்டிஃபோல்டு தளங்கள் அந்தக் கனம். கிடிங்ஸ், கச்ரு, போல்சின்ஸ்கி மூவரும் 2001-இல் இந்தத் தீர்வை முழு 10 பரிமாணத்தில் எழுதிக் காட்டினார்கள்.

அப்படியானால் கன அளவை எது நிறுத்துகிறது?

ஃபிளக்ஸுக்கு அப்பாற்பட்ட சிறு திருத்தங்கள். 2003-இல் கச்ரு, கல்லோஷ், லிண்டே, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சந்தீப் திரிவேதி ஆகிய நால்வரும் சொன்ன வழி, அவர்களின் முதலெழுத்துகளால் கேகேஎல்டி. டி7 பிரேன்களின் (இழை முனைகள் ஒட்டும் ஏழு பரிமாணத் தளங்கள்) மேல் காஜினோ கன்டென்சேஷன் (விசைத்துகள்களின் சூப்பர்சமச்சீர்த் துணைகள் ஜோடி சேர்ந்து உறைவது) நடந்தாலோ, யூக்ளிடிய டி3 பிரேன் (காலத்தில் நீடிக்காமல் ஒரு கண நிகழ்வாக வரும் பிரேன்) ஒரு நான்கு பரிமாணச் சுற்றைச் சுற்றினாலோ, சூப்பர்பொட்டன்ஷியலில் கன அளவை நம்பிய ஓர் அடுக்குக்குறி உறுப்பு சேரும்.

கணக்கைக் கையாலேயே போடலாம். கன அளவு மாடுலஸின் மெய்ப்பகுதியைச் சிக்மா என்போம். அடுக்கில் வரும் கெழு ‘அ’; அதற்கும் சிக்மாவுக்கும் பெருக்கல் ‘ய’. முன்கெழு 1 என்று வைத்தால், சூப்பர்சமச்சீர் குழிக்கான நிபந்தனை இவ்வளவுதான்:

எக்ஸ்ப்(−ய) × (1 + 2ய/3) = டபிள்யூ-நாட்டின் அளவு

மூலக் கட்டுரையின் எண்களையே எடுப்போம்: டபிள்யூ-நாட் = −10⁻⁴, அ = 0.1. ய = 10 போட்டால் இடது பக்கம் 3.5 × 10⁻⁴, அதிகம். 12 போட்டால் 5.5 × 10⁻⁵, குறைவு. 11.36-இல் 10⁻⁴ வந்து உட்காரும். ஆக சிக்மா 113.6. குழியின் ஆழம் ‘அ² × எக்ஸ்ப்(−2ய) ÷ (6 × சிக்மா)’, எதிர்க்குறியோடு: −2.0 × 10⁻¹⁵, பிளாங்க் அலகில்.

இப்போது வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். டபிள்யூ-நாட்டை −0.5 ஆக்கினால் ய சுமார் 1.33-க்கு இறங்கும், சிக்மா 13. தீர்வு கிடைத்துவிட்டதே என்று மகிழ வேண்டாம். நாம் விட்டுவிட்ட அடுத்த உறுப்பு, எக்ஸ்ப்(−2ய), முதல் உறுப்பில் கால் பங்குக்கு மேல் இருக்கிறது. ய = 11.36-இல் அதே விகிதம் ஒரு லட்சத்தில் ஒன்று. டபிள்யூ-நாட் −1 என்றால் ய சுழியமாகிவிடும், குழியே கிடையாது. கேகேஎல்டிக்கு டபிள்யூ-நாட் மிகச் சிறிதாக இருந்தே ஆக வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொரு கொக்கி. காஜினோ கன்டென்சேஷனில் அ என்பது 2 பை-ஐ எஸ்யு(என்) குழுவின் ‘என்’-ஆல் வகுத்தது. அ = 0.1 என்றால் என் சுமார் 63. அத்தனை பெரிய குழுவைத் தரும் பிரேன் அடுக்கை ஒரு வெளிக்குள் திணிப்பது எளிதல்ல. என் = 10 என்று இறக்கினால் சிக்மா 18-க்கு வந்துவிடும்; யூக்ளிடிய டி3 என்றால் 1.8. வெளி சிறுத்துக்கொண்டே போகும், ஆல்ஃபா-பிரைம் திருத்தங்கள் (இழை புள்ளி அல்ல, அதற்கு நீளம் உண்டு என்பதால் வருபவை) தலைதூக்கும்.

அவ்வளவு சிறிய டபிள்யூ-நாட் எங்கிருந்து கிடைக்கும்?

கண்ணை மூடிக்கொண்டு எண்களைப் பொறுக்கினால் கிடைக்காது. புள்ளியியல்படி டபிள்யூ-நாட் கலப்பெண் தளத்தில் சீராகப் பரவுகிறது. ஆகவே 10⁻⁴-க்குக் கீழே விழும் வாய்ப்பு 10⁻⁸ அளவில். தேடல் நிரல் நாள்கணக்கில் ஓடியும் வெறுங்கையோடு திரும்பினால் நிரலைக் குறை சொல்லாதீர்கள்.

2019-இல் டெமிர்டாஸ், கிம், மெக்அலிஸ்டர், மோரிட்ஸ் வேறு வழி காட்டினார்கள். சூப்பர்பொட்டன்ஷியலின் பல்லுறுப்புப் பகுதி ஒரு திசை நெடுக முழுவதுமாகச் சுழியமாகும்படி முழு எண்களைத் தேர்ந்தெடுப்பது. மிஞ்சுவது சிறிய அடுக்குக்குறி உறுப்புகள் மட்டும். அவற்றில் இரண்டைப் போட்டிக்கு விட்டால் அந்தத் திசையும் நின்றுவிடும், டபிள்யூ-நாட்டும் சிறுக்கும். அவர்களின் முதல் எடுத்துக்காட்டில் கிடைத்தது சுமார் 2 × 10⁻⁸.

டபிள்யூ-நாட் சிறிதாக இல்லாவிட்டால் வேறு வழியே இல்லையா?

உண்டு. பாலசுப்ரமணியன், பெர்க்லுண்ட், கான்லன், கெவேடோ 2005-இல் தந்த பெருங்கன அளவு முறை. குறைந்தது இரண்டு கேலர் மாடுலை வேண்டும், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வெளி ஸ்விஸ் பாலாடைக்கட்டி மாதிரி, பெரிய உடம்பில் ஒரு சிறு ஓட்டை. (நம்மூரில் ஓட்டை வடை என்றால் சட்டென்று புரியும், ஆனால் பெயர் பாலாடைக்கட்டிக்கே போய்விட்டது.) ஆல்ஃபா-பிரைம் திருத்தமும் சிறிய சுற்றின் அடுக்குக்குறி உறுப்பும் மோதும் இடத்தில் குழி விழுகிறது, கன அளவு அடுக்குக்குறியாகப் பெரிதாகிறது. திருத்தத்தின் குறி சரியாக அமைய வடிவ மாடுலை அளவு மாடுலையைவிட அதிகமாக இருக்க வேண்டும்; இதைச் சரிபார்க்காமல் கண்ணாடிப் பிம்பத்தை எடுத்துவிட்டால் எல்லாம் வீண். வழக்கமான எடுத்துக்காட்டு 1, 1, 1, 6, 9 என்ற எடைகள் (ஆள்கூறுகள் எந்த விகிதத்தில் பெருகும் என்பவை) கொண்ட வெளி: அளவுக்கு 2, வடிவத்துக்கு 272, ஆய்லர் எண் (வெளியின் இடவியலைச் சொல்லும் முழு எண்) −540.

இங்கே விலை வேறு. கன அளவு பெரிதாகப் பெரிதாக மிக லேசான மாடுலஸின் நிறை கன அளவின் ஒன்றரை அடுக்குக்குத் தலைகீழாக விழும். மேலே சொன்ன அண்டவியல் சிக்கல் கதவைத் தட்டும்.

டாட்போல் என்கிறார்களே, அது என்ன தடை?

தலைப்பிரட்டைதான். குவாண்டம் புலக் கோட்பாட்டில் தலையும் வாலுமாக வரும் வரைபடத்துக்கு அந்தப் பெயர், அதிலிருந்து இங்கே வந்து ஒட்டிக்கொண்டது.

மூடிய வெளியில் மொத்த மின்னூட்டம் சுழியமாக வேண்டும். புலக்கோடுகள் தப்பிப்போக வெளியிடம் இல்லை. எஃப்3, எச்3 இரண்டும் சேர்ந்து டி3 பிரேன் மின்னூட்டத்தை உண்டாக்குகின்றன. அதை ஈடுகட்டும் எதிர் மின்னூட்டம் வெளியின் வடிவியலே தரும் அளவுதான்: எஃப்-கோட்பாட்டு மொழியில் (டைப் ஐஐபியின் பிணைப்பு இடத்துக்கு இடம் மாறுவதையும் வடிவியலாக எழுதும் முறை), நான்கு கலப்பெண் பரிமாணம் கொண்ட கலாபி–யாவின் ஆய்லர் எண்ணை 24-ஆல் வகுத்தது. ஃபிளக்ஸ் பங்கும் டி3 பிரேன்களின் எண்ணிக்கையும் சேர்ந்து அதற்குச் சமமாக வேண்டும். சம்பளம் அவ்வளவுதான், அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும்.

1, 1, 1, 1, 8, 12 எடைகள் கொண்ட வெளியில் ஆய்லர் எண் 23,328, வகுத்தால் 972. அங்கே வடிவ மாடுலை 3,878. 2020-இல் பெனா, ப்ளோபேக், கிரானா, லூஸ்ட் ஓர் ஊகம் வைத்தார்கள்: பல மாடுலையை நிறுத்த வேண்டுமானால் ஃபிளக்ஸின் மின்னூட்டம் அந்த எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். 3,878-இல் மூன்றில் ஒரு பங்கு சுமார் 1,293. கையில் இருப்பது 972. இது ஒரு வெளியின் துரதிர்ஷ்டம் அல்ல. வடிவ மாடுலை மிக அதிகமாகும்போது கிடைக்கும் இடம் அந்த எண்ணிக்கையில் கால் பங்கை ஒட்டித்தான் வளர்கிறது. கால் பங்கு இடத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைக்க முடியாது. ஊகம் சரியென்றால், நூற்றுக்கணக்கில் மாடுலை உள்ள வெளிகளில் ‘பொதுவான ஃபிளக்ஸ் போட்டால் எல்லாம் நின்றுவிடும்’ என்று கைவீசிச் சொன்னதெல்லாம் அடிபடும். சமச்சீர் உள்ள சிறப்புப் புள்ளிகள் விதிவிலக்காகலாம். நிரூபணம் இன்னும் இல்லை, ஆனால் சரிபார்க்காமல் கணக்கைத் தொடங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

குழி எதிர்க்குறியில் இருக்கிறது. நம் அண்டத்தின் அண்டவியல் மாறிலி (வெற்றிடத்தின் ஆற்றல்) நேர்க்குறி ஆயிற்றே?

அதற்குத்தான் அப்லிஃப்ட். ஃபிளக்ஸ் குவிந்த இடத்தில் வெளி நீண்ட தொண்டையாக வளையும். அதன் அடியில் ஓர் எதிர்-டி3 பிரேனை வைத்தால் கொஞ்சம் நேர் ஆற்றல் சேரும். கேகேஎல்டி எண்களில் அந்த உறுப்பு 3 × 10⁻⁹-ஐச் சிக்மாவின் மும்மடியால் வகுத்தது. சிக்மா 115-இல் அது 1.973 × 10⁻¹⁵. ஏற்கெனவே இருந்தது −1.955 × 10⁻¹⁵. எஞ்சுவது சுமார் 2 × 10⁻¹⁷, நேர்க்குறியில். அந்த 3-ஐ 9 ஆக்கிப் பாருங்கள்: குழியே காணாமல் போய், கன அளவு முடிவிலிக்கு உருண்டு ஓடும். உப்பு மாதிரிதான், கை கொஞ்சம் தவறினாலும் கெட்டது.

தொண்டையின் ஆழத்தை இரண்டு முழு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒரு சுற்றில் 40, எதிர்ச்சுற்றில் 8, பிணைப்பு 0.1 என்றால் அடியில் சுருக்கக் காரணி 0.015, ஆற்றல் அதன் நான்காம் அடுக்கு, 5 × 10⁻⁸. ஆனால் 40-ஐயும் 8-ஐயும் பெருக்கினால் 320; டாட்போல் சம்பளத்தில் அவ்வளவு இந்தத் தொண்டைக்கே போய்விடும். எதிர்-பிரேன்களின் எண்ணிக்கை 40-இல் சுமார் 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, அதாவது 3 வரை. தாண்டினால் அவை ஃபிளக்ஸோடு சேர்ந்து கரைந்துவிடும் என்று கச்ரு, பியர்சன், வெர்லிண்டே 2001-இல் காட்டினார்கள்.

அப்படியானால் நேர்க்குறி வெற்றிடம் இழைக் கோட்பாட்டில் உண்டா, இல்லையா?

தீர்ப்பு வரவில்லை. 2018-இல் ஓபியட், ஊகுரி, ஸ்போடினேய்கோ, வஃபா அப்படி நிலையான குழி இருக்கவே முடியாது என்று ஊகித்தார்கள். 2024-இல் மெக்அலிஸ்டர் குழுவினர் வெளிப்படையான வேட்பாளர்களை எண்களோடு முன்வைத்தார்கள். திருத்தங்கள் எல்லாம் கட்டுக்குள் இருக்கின்றனவா என்பதுதான் மிச்சமிருக்கும் சண்டை. எங்கள் பார்வையில், தொண்டை பருத்து மீதி வெளியை விழுங்கிவிடுகிறதா என்ற கேள்விதான் மிகக் கூர்மையானது. எந்தக் கட்டுரை வந்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

10⁵⁰⁰ என்ற எண்?

ஒவ்வொரு சுற்றிலும் சில பத்து முழு எண்கள், நூற்றுக்கணக்கான சுற்றுகள். பெருக்கினால் வரும் உத்தேச மதிப்பு. பத்தின் அடுக்குக்குச் சுற்றுகளின் எண்ணிக்கைதான் காரணம். அதற்கு மேல் புனிதம் ஒன்றும் இல்லை.

ஜவ்வாது மலைக் காவலூரில் இருக்கும் தொலைநோக்கியில் இதெல்லாம் தெரியுமா?

2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் மாடுலை தெரியாது. சரியாக நிறுத்தப்பட்ட மாடுலஸ் எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாது, அதுதான் நோக்கமே. நிறுத்தப்படாமல் நகர்ந்தால் நுண்கட்டமைப்பு மாறிலி காலத்தோடு மாறும். தொலைதூர குவேசார்களின் நிறமாலைக் கோடுகள் இடம்பெயரும். அந்தச் சோதனையைப் பெரிய தொலைநோக்கிகளில் செய்கிறார்கள்.

வீட்டு லேப்டாப்பில் எதைச் செய்து பார்க்கலாம்?

முதலில் மேலே உள்ள கேகேஎல்டி வளைவைப் பைத்தானில் வரையுங்கள். இருபது வரி போதும். சிக்மா 100 முதல் 150 வரை, பொட்டன்ஷியலை 10¹⁵-ஆல் பெருக்கி வரைந்தால் குழியும் மேடும் கண்ணுக்குத் தெரியும். பெருக்காமல் வரைந்தால் சில மென்பொருள்கள் வெறும் நேர்கோட்டைக் காட்டும்.

அடுத்து சிஒய்டூல்ஸ். இலவசம், பைத்தானில் இயங்கும், டாக்கர் வழியாக நிறுவலாம். கிரொய்ட்சர்–ஸ்கார்கே பட்டியலின் 47,38,00,776 பாலிடோப்களிலிருந்து (நான்கு பரிமாணப் பன்முகிகள்) கலாபி–யாவ் வெளிகளைக் கட்டித் தரும். அளவு மாடுலை 2 அல்லது 3 உள்ளவற்றில் தொடங்குங்கள். முதல் நாளே அளவு மாடுலை 491 உள்ளதை, பட்டியலின் உச்சத்தை, இழுத்துப் போட்டால் முக்கோணமாக்கல்களின் கூட்டத்தில் தொலைந்துபோவீர்கள்.

டபிள்யூ-நாட் தேடும்போது சாதாரண டபுள் துல்லியத்தை நம்பாதீர்கள். நூறு அளவிலான எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எஞ்சும் மதிப்பு அது. டபுளுக்கு 16 இலக்கம். ஆகவே 10⁻¹⁴-க்குக் கீழே வரும் எந்த விடையும் வெறும் குப்பையாக இருக்கலாம். எம்பிமேத் நூலகத்தில் 50 இலக்கம் வைத்து ஒருமுறை, 100 வைத்து மறுமுறை ஓட்டுங்கள். இரண்டு விடையும் முதல் பத்து இலக்கத்தில் ஒத்துப்போனால் தீர்வு. போகாவிட்டால், சத்தம்.